வெறுங்காலும் சிறகும்

போன பிப்ரவரியில் மாமா ஊரிலிருந்து வந்திருந்தார். எழுபத்தோரு வயது. இந்திய விமானப்படையில் இருபது வருஷம் இன்ஜின் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜெர்மனிக்கு வருகிற சொந்தக்காரர்கள் வழக்கமாகக் கேட்கிற கோட்டை, ஆறு, கார் கம்பெனி எதையும் அவர் கேட்கவில்லை. வந்த மூன்றாம் நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே, "இங்க பக்கத்துல பழைய ஏரோடிரோம் ஏதாவது இருக்கா மாப்ள?" என்றார்.

நான் இருப்பது யேனாவில். யோசித்துப் பார்த்ததில் ஒன்று இருந்தது. வைமார் நகரத்தைத் தாண்டி நோரா என்று ஒரு சிற்றூர். முதலில் ஜெர்மன் விமானப்படை, போருக்குப் பிறகு சோவியத் ஹெலிகாப்டர்கள், இப்போது தொழிற்பேட்டை. பார்க்க ஒன்றும் மிச்சமிருக்காது என்றேன். "ஓடுபாதை இருந்த இடம்னு தெரிஞ்சா போதும்" என்றார். சரி, வைமார் வரைக்கும் போகிறோம், அப்படியே மலைமேல் இருக்கும் புக்கன்வால்ட் வதைமுகாமையும் பார்த்துவிடலாம் என்று நான்தான் சொன்னேன். அந்த முகாமில் விமானப்படை ஆட்கள் 168 பேர் அடைபட்டிருந்த கதையை எப்போதோ படித்திருந்தேன். விமானப்படைக்காரருக்குச் சொல்ல ஏற்ற கதை என்று தோன்றியது. அந்தக் கதையில் நோராவும் வரும் என்பது மறந்தே போயிருந்தது.

வைமார் ரயில் நிலையத்திலிருந்து ஆறாம் நம்பர் பஸ் மேலே போகிறது. எட்டர்ஸ்பெர்க் மலை என்று பெயர்தான். நம் ஊர் ஆட்கள் மேடு என்றுதான் சொல்வார்கள். கடைசிப் பகுதிச் சாலையைப் போட்டவர்கள் கைதிகள். ரத்தச் சாலை என்ற பெயர் இன்னும் இருக்கிறது. பஸ்ஸில் எங்களைத் தவிர ஒரு பள்ளிக்கூடக் கூட்டம். காதில் ஒயரும் கையில் சிப்ஸ் பாக்கெட்டுமாக, எந்த ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளையும் போலத்தான் இருந்தார்கள்.

வாசல் இரும்புக் கதவில் மூன்று ஜெர்மன் சொற்கள் இருக்கின்றன. அவரவர்க்கு உரியது அவரவர்க்கு என்று பொருள். எழுத்துகள் உள்ளே நிற்பவன் படிப்பதற்காக உள்நோக்கி அமைந்தவை. மேலே கடிகாரம் மூன்றே காலில் நிற்கிறது. 1945 ஏப்ரல் 11 மதியம் முகாம் விடுதலையான நேரம் அது. மரக்கொட்டகைகள் அநேகமாக மிச்சமில்லை. அவை நின்ற இடங்களைக் கறுப்புக் கற்களால் நிரப்பி அடையாளம் காட்டியிருக்கிறார்கள். 1937 முதல் எட்டு வருஷத்தில் ஏறத்தாழ 2,80,000 பேர் வந்து போன இடம். 56,000 பேர் செத்தார்கள். இப்படி எண்களைச் சொன்னபோது மாமா தலையை ஆட்டினாரே தவிர ஒன்றும் சொல்லவில்லை. கைதிகளை நிறுத்தி எண்ணிய மைதானத்தில் தரையோடு தரையாக ஒரு உலோகத் தகடு பதித்திருக்கிறார்கள். அதை எப்போதும் 37 டிகிரி சூட்டில் வைத்திருக்கிறார்கள், மனித உடம்பின் சூடு. சுற்றிலும் பனி கிடக்க அந்தச் சதுரம் மட்டும் ஈரமாகக் கறுத்திருந்தது. மாமா உட்கார்ந்து கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தார். "காய்ச்சக்காரன் நெத்தி மாதிரி இருக்கு" என்றார். அவர் அங்கே முதலில் சொன்ன வார்த்தை அதுதான்.

அங்கே நின்றுகொண்டுதான் 168 பேர் கதையை ஆரம்பித்தேன். 82 அமெரிக்கர்கள், 48 பிரிட்டிஷ்காரர்கள், 26 கனடியர்கள், 9 ஆஸ்திரேலியர்கள், 2 நியூசிலாந்துக்காரர்கள், ஒரு ஜமைக்கர். மாமா உடனே கேட்டது: "அதுல சீனியர் யாரு?"

படித்தபோது எனக்குத் தோன்றாத கேள்வி. பட்டாளத்தில் இருந்தவருக்கு அதுதான் முதல் கேள்வி. கதையின் நடு முடிச்சும் அதுதான்.

ஆனால் அதற்கு முன், இவர்கள் எப்படி இங்கே வந்தார்கள் என்பதைச் சொல்ல வேண்டும். 1944 கோடையில் பிரான்சின் வானத்தில் குண்டுவீச்சு விமானங்கள் தினமும் விழுந்துகொண்டிருந்தன. பாராசூட்டில் குதித்துப் பிழைத்தவர்களைக் கிராமத்து ஆட்கள் ஒளித்து வைத்தார்கள். சீருடையை வாங்கிக்கொண்டு பழைய கோட்டும் தொப்பியும் கொடுத்தார்கள். போலி அடையாள அட்டை தயார் செய்தார்கள். வீடு வீடாகக் கைமாற்றி ஸ்பெயின் எல்லைப் பக்கம் அனுப்புவது வழக்கம். இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிடிபட்டால் விமானி போர்க்கைதி ஆவான், சட்டப்படி. ஒளித்து வைத்தவனுக்குச் சட்டம் கிடையாது. ஆண் என்றால் சுட்டுக் கொல்வார்கள், பெண் என்றால் முகாம். அந்தக் குண்டுகளோ பிரெஞ்சு ரயில் நிலையங்கள் மேல்தான் விழுந்தன. பக்கத்துத் தெருக்களில் செத்ததும் பிரெஞ்சுக்காரர்கள்தான். அப்படியிருந்தும் கதவைத் திறந்தார்கள். நியாயமாகப் பார்த்தால் இந்தக் கட்டுரை அவர்களைப் பற்றியதாக இருக்க வேண்டும்.

அந்தச் சங்கிலிக்குள் புகுந்த துரோகி ழாக் தெசூப்ரி. பெல்ஜியத்தில் பிறந்தவன், ஜெர்மானிய உளவுத்துறைக்குக் கூலி வேலை. போராளிபோல நடித்துப் பல விமானப்படையினரையும் ஒளித்தவர்களையும் ஒன்றாகப் பிடித்துக் கொடுத்தான். போருக்குப் பிறகு 1949-ல் அவனுக்கு மரண தண்டனை நிறைவேறியது. பிடிபட்டவர்களைப் பாரிசுக்குத் தெற்கே ஃப்ரேன் சிறையில் போட்டார்கள். நாஜி ரகசியப் போலீசான கெஸ்டபோவின் வாதம் எளிமையானது. நீ போட்டிருப்பது குடியானவன் கோட்டு, வைத்திருப்பது பொய் அட்டை, ஆகவே நீ ஒற்றன். கழுத்தில் கிடந்த அடையாளத் தகட்டைக் காட்டியவர்களும் உண்டு. அது எவனுக்கும் கிடைக்கும் என்று பதில்.

"நேம், ராங்க், நம்பர், டேட் ஆஃப் பர்த்" என்றார் மாமா, பழைய பாடத்தை ஒப்பிப்பதுபோல. "எங்களுக்கும் அதான் சொல்லிக்கொடுத்தாங்க. நாலைச் சொல்லு, அஞ்சாவதாக் கேட்டா வாயைத் தொறக்காதே." இவர்களும் நான்கைத்தான் சொன்னார்கள். கேட்டவன் அதை எழுதிக்கொண்டால்தானே பாதுகாப்பு.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்றும் நினைவுக்கு வந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கிறது, நம்மில் பாதிப்பேருக்கு இருப்பதுபோல. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு அலுவலகத்தில் 'திருவாளர் சண்முகம்' என்று மூன்று தடவை கூப்பிட்டார்கள். அப்பாவை ஏன் இங்கே கூப்பிடுகிறார்கள் என்றுகூட எனக்கு உறைக்கவில்லை. என் முறை போய்விட்டது, இன்னொரு நாள் போனேன், அவ்வளவுதான். அதைப் போய் இதோடு வைத்துப் பேசுவது அபத்தம். ஆனாலும் எந்தக் கட்டத்தில் எந்தப் பெயரை எழுதுகிறான் என்பதை மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பவன்தான் முடிவு செய்கிறான் என்ற சின்னத் திகிலை நான் கொஞ்சம் அறிவேன்.

அந்தக் கோடையில் அவர்களுக்காகத் தயாராக இருந்த கட்டத்தின் பெயர் 'பயங்கர விமானி'. பிரசாரம் உண்டாக்கிய சொல். மே மாதக் கடைசியில் நாஜிப் பிரசார அமைச்சர் கோயபல்ஸ் பத்திரிகையில் எழுதினார். விழுந்த விமானிகளைப் பொதுமக்கள் அடித்துக் கொன்றால் தடுக்கத் தேவையில்லை என்று கட்சிக்குள் சுற்றறிக்கை போனது. ஆகஸ்ட் 26 அன்று ரூசல்ஸ்ஹைம் ஊரில் எட்டு அமெரிக்கர்களைத் தெருவில் நடத்திக் கூட்டிப் போனபோது கூட்டம் கூடி ஆறு பேரைக் கொன்றது. முந்தைய வருஷம் குண்டுவீச்சில் ஹாம்பர்க் எரிந்ததில் முப்பதாயிரத்துக்கு மேல் மாண்டிருந்தார்கள். அந்தக் கோபம் பொய்யில்லை. கோபத்தைச் சட்டமாக்கியதுதான் குற்றம்.

1944 ஆகஸ்ட் 15. நேச நாட்டுப் படைகள் பாரிசை நெருங்கிக்கொண்டிருந்தன. ஃப்ரேன் சிறையிலிருந்து கைதிகளைப் பஸ்களில் ஏற்றி பாந்தான் நிலையத்தில் கால்நடைப் பெட்டிகளுக்குள் அடைத்தார்கள். மொத்தம் 2,000 பேருக்கு மேல், பெண்களும் சேர்த்து. நாற்பது ஆள் அல்லது எட்டுக் குதிரை என்று வெளியே எழுதிய பெட்டியில் அதைப்போல இரண்டு பங்கு ஆட்கள். மூலையில் மலத்துக்கு ஒரு வாளி. ஸ்வீடன் நாட்டின் கான்சல் ஜெனரல் ராவுல் நோர்ட்லிங் கைதிகளை விடுவிக்க ஓடி ஓடிப் பேசி 17-ம் தேதி ஒரு உடன்பாட்டை வாங்கிவிட்டார். அதற்குள் ரயில் போய்விட்டது. வழியில் பாலம் உடைந்திருந்ததால் இறக்கி நடக்கவைத்து வேறு ரயிலில் ஏற்றினார்கள். பெண்கள் ராவன்ஸ்ப்ரூக் முகாமுக்கு, ஆண்கள் இங்கே. 20-ம் தேதி வந்து சேர்ந்தார்கள். ஐந்து நாள் கழித்து, 25-ம் தேதி, பாரிஸ் விடுதலையானது.

வந்தவுடன் தலையை மழித்தார்கள். கிருமிநாசினியைத் தடவினார்கள். மெல்லிய சட்டை, கால்சட்டை கொடுத்தார்கள். காலுக்கு ஒன்றும் இல்லை. 'சிறு முகாம்' என்று தனியாக வேலி போட்ட பகுதி இருந்தது. முகாமுக்குள் இன்னொரு முகாம், புதிதாக வந்தவர்களையும் நோயாளிகளையும் ஒதுக்கும் இடம். அங்கே அவர்களுக்குக் கொட்டகைகூட இல்லை. ஏறக்குறைய மூன்று வாரம் திறந்த வெளியில், கரடுமுரடான கற்கள் பாவிய தரையில், பல பேருக்கு ஒரு போர்வை என்று படுத்தார்கள். கோப்புகளில் 'டிகால்' என்று ஒரு முத்திரை குத்தியிருந்தார்கள். இந்த ஆளை வேறு எந்த முகாமுக்கும் மாற்றக் கூடாது என்பதன் ஜெர்மன் சுருக்கம் அது.

இனி மாமாவின் கேள்விக்கு வரலாம். சீனியர், ஸ்குவாட்ரன் லீடர் ஃபில் லமசன். நியூசிலாந்தின் நேப்பியரில் பிறந்தவர். 25 வயது. பிரிட்டிஷ் விமானப்படையின் 15-ம் ஸ்குவாட்ரனில் லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தின் விமானி. ஜூன் 8 அன்று, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டிக் கரையில் இறங்கி இரண்டே நாளில், பாரிஸ் அருகே ஒரு ரயில் சந்திப்பைத் தாக்கப் போய் விழுந்தவர். முகாமுக்குள் நுழைந்த முதல் நாளே எல்லாரையும் கூட்டி வைத்து, நாம் படைவீரர்கள், படைவீரர்களாகவே நடந்துகொள்வோம் என்று சொன்னார். நாடு வாரியாகப் பிரித்து ஆளுக்கொரு தலைவர். ராத்திரியில் முறை வைத்துக் காவல். எண்ணும் மைதானத்துக்குப் போகும்போது வரிசை பிடித்து, கால் சேர்த்து நடந்தார்கள். மழித்த தலை, கந்தல் உடுப்பு, வெறுங்கால், அதோடு அணிவகுப்பு. மற்ற கைதிகள் வாயைப் பிளந்து பார்த்ததாகச் சொல்வார்கள்.

வேடிக்கைபோலத் தெரியும். மாமாவுக்கு வேடிக்கையாக இல்லை. "அதை விட்டா எல்லாம் போச்சு மாப்ள" என்றார். "டிரில்லுங்கிறது காலுக்கில்ல." ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்யச் சொல்லி வந்த உத்தரவை, போர்க்கைதிகள் எதிரிக்கு ஆயுதம் செய்ய மாட்டார்கள் என்று லமசன் மறுத்தார். சுட்டுவிடுவோம் என்று மிரட்டியும் மாற்றிக்கொள்ளவில்லை. கடைசி வரை அவர்கள் அந்த வேலைக்குப் போகவே இல்லை.

வந்த நான்காம் நாள், ஆகஸ்ட் 24, அமெரிக்க விமானங்கள் முகாமை ஒட்டியிருந்த குஸ்ட்லோஃப் ஆயுதத் தொழிற்சாலையைத் தாக்கின. கீழே கல்தரையில் கிடந்த அமெரிக்க விமானிகள் தங்கள் ஆட்களின் குண்டு விழுவதை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குறி நன்றாகத்தான் இருந்தது. தொழிற்சாலையும், முகாமை நடத்திய நாஜிப் படையான எஸ்.எஸ்.ஸின் கட்டடங்களும் நொறுங்கின. ஆனால் உள்ளே வேலையில் இருந்த கைதிகளுக்குப் பதுங்க இடமில்லை, நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். இந்த 168 பேரையும் தீயை அணைக்கவும் இடிபாடுகளை அகற்றவும் ஓட்டிக்கொண்டு போனார்கள். எரிந்துகொண்டிருந்த இடத்தில், வெறுங்காலோடு.

அதே தாக்குதலில்தான் கதே ஓக் மரமும் எரிந்தது. கவிஞர் கதே இந்த மலைக்கு உலாவ வந்தவர். அவர் நினைவாகக் காட்டை அழிக்கும்போது எஸ்.எஸ். ஒரே ஒரு மரத்தை மட்டும் விட்டுவைத்தது. முகாமுக்குள் நின்ற தனி மரம். அது விழுந்தால் ஜெர்மனி விழும் என்று கைதிகளிடையே ஒரு பேச்சு. இப்போது அடிக்கட்டை மட்டும் இருக்கிறது, சிமென்ட் பூசி. பள்ளிப் பிள்ளைகள் அங்கே கொஞ்ச நேரம் கூடுதலாக நின்றார்கள். கதே பாடப்புத்தகத்தில் வருகிறவர் என்பதால் இருக்கலாம்.

பிணங்களை எரித்த கிரிமடோரியத்தின் நிலவறைக்குள் மாமா வர மறுத்துவிட்டார். மேலேயே நின்றார். சுவரில் கொக்கிகள் இருக்கின்றன. அதே ஆகஸ்டில் பாரிசிலிருந்து கொண்டுவந்த நேச நாட்டு ரகசிய முகவர்கள் 37 பேரில் 16 பேரை செப்டம்பரில் அங்கே தொங்கவிட்டுக் கொன்றார்கள். ஃபிராங்க் பிக்கர்ஸ்கில், ஜான் மெக்காலிஸ்டர் என்ற இரு கனடியர்களும் அதில் உண்டு. தப்பியவர்களில் ஒருவர் ஃபாரஸ்ட் யோ-தாமஸ். டைபஸ் காய்ச்சலில் இறந்த ஒரு கைதியின் பெயரைத் தனக்கு மாற்றிக்கொண்டு பிழைத்தார். இங்கே ஒருவன் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் காகிதத்தில் அவன் சாக வேண்டியிருந்தது.

நம் ஆட்கள் யாரும் மாட்டினார்களா என்று மாமா கேட்டார். எனக்குத் தெரிந்து இந்த முகாமில் இல்லை, டாஹாவ் வதைமுகாமில் நூர் இனாயத் கான் என்றேன். திப்பு சுல்தான் வம்சத்தில் வந்தவர். பிரிட்டிஷ் விமானப்படையின் பெண்கள் துணைப்படையில் அதிகாரி. வயர்லெஸ் இயக்குபவராகப் பாரிசுக்குப் போய், அவரையும் ஒருவர் காட்டிக்கொடுத்து, 1944 செப்டம்பர் 13 அன்று மூன்று பெண்களோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். இங்கே கொக்கிகளில் ஆட்கள் தொங்கிய அதே மாதம்.

இந்தக் கொலைகளுக்குப் பிறகு லமசனுக்குத் தங்கள் முறை எப்போது என்பதுதான் கணக்கு. யோ-தாமசும், அங்கே ஏற்கனவே கைதியாக இருந்த கிறிஸ்டோஃபர் பர்னி என்ற பிரிட்டிஷ் முகவரும், அலுவலக வேலை பார்த்த கைதிகளோடு அவருக்குத் தொடர்பு ஏற்படுத்திக் கொடுத்தார்கள். லமசன் ஒரு துண்டுச்சீட்டு எழுதினார். நேச நாட்டு விமானப்படையினர் இங்கே இருக்கிறார்கள் என்று. அதை எடுத்துக்கொண்டு போனது ஒரு ரஷ்யக் கைதி. போய்ச் சேர்ந்த இடம், கைதிகளைத் தினமும் வேலைக்கு அனுப்பிய பக்கத்து ஜெர்மன் விமானத்தளம். நோரா.

"நாம போகப்போற இடமா?" என்றார் மாமா. ஆமாம் என்றேன். அந்த நிமிஷம் வரை எனக்கும் அது புத்தகத்தில் படித்த ஒரு பெயராக மட்டும்தான் இருந்தது.

அக்டோபரில் ஹான்னஸ் ட்ராட்லாஃப்ட் வந்தார். கிழக்குப் போர்முனையில் 54-ம் போர்விமானப் படைப்பிரிவை நடத்திப் பேர் வாங்கியவர், ஜெர்மன் விமானப்படையில் பெரிய அதிகாரி. குண்டுவீச்சுச் சேதத்தைப் பார்வையிட வந்ததாகச் சாக்கு. சுற்றிக் காட்டிவிட்டு எஸ்.எஸ். ஆட்கள் அவரைத் திருப்பி அனுப்பப் பார்த்தார்கள். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெர்னார்ட் ஷார்ஃப் என்ற அமெரிக்கர் சுத்தமான ஜெர்மனில் கத்தினார். நாங்கள் விமானிகள், எங்களை இங்கிருந்து கொண்டுபோங்கள் என்று. ட்ராட்லாஃப்ட் நின்றார், விசாரித்தார், திரும்பிப் போய் மேலிடத்தில் சண்டை போட்டார். அக்டோபர் 19 அன்று 156 பேரை சாகனில் இருந்த விமானப்படைப் போர்க்கைதி முகாமுக்கு மாற்றினார்கள். பின்னால் சிறு சிறு குழுக்களாக இன்னும் 10 பேர். இரண்டு பேர் இங்கேயே நோயில் இறந்துவிட்டார்கள்: பிரிட்டிஷ்காரர் ஃபிலிப் ஹெம்மன்ஸ், அமெரிக்கர் லெவிட் பெக். பெக் பிரான்சில் ஒளிந்திருந்த நாட்களில் தன் கதையை எழுதி வைத்திருந்தார். போர் முடிந்தபின் அது அவருடைய பெற்றோர் கைக்கு வந்து புத்தகமானது. அவர் வரவில்லை.

எல்லாரையும் கொல்ல அக்டோபர் 26 என்று நாள் குறித்திருந்ததாக முகாம் அலுவலகத்துக் கைதிகள் மூலம் லமசனுக்குத் தெரிய வந்திருந்தது. தன் ஆட்களிடம் அவர் அதைச் சொல்லவில்லை. சீனியராக இருப்பது என்றால் அதுதான் போலிருக்கிறது.

எதிரி நாட்டு விமானிகளை விமானி காப்பாற்றினான், வானத்து வீரர்களின் தர்மம் என்று இந்தக் கதையைச் சொல்வது வழக்கம். நானும் அப்படித்தான் மாமாவிடம் சொல்ல ஆரம்பித்தேன். சொல்லும்போதே நெருடியது. ட்ராட்லாஃப்ட் செய்தது நல்ல காரியம், சந்தேகமில்லை. எதிரியிடம் மாட்டியிருந்த தங்கள் விமானிகள் என்ன ஆவார்கள் என்ற கவலையும் அவர்களுக்கு இருந்திருக்கும், அதுவும் நியாயம். ஆனால் இதே ஜெர்மன் விமானப்படைக்காக 1942-ல் டாஹாவ் கைதிகளைக் காற்றழுத்தம் குறைந்த பெட்டியில் அடைத்துச் சோதித்தார்கள், உயரத்தில் பாராசூட்டில் குதிக்கும் விமானிக்கு என்ன ஆகும் என்று பார்க்க. 70-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கடலில் விழும் விமானிக்காகப் பனித்தண்ணீரில் முக்கினார்கள். நடத்திய ஸிக்முண்ட் ராஷர் விமானப்படை மருத்துவர். நோராவில் வேலை செய்ய மலையிலிருந்து கைதிகள் வந்துபோவதை அங்கிருந்த அதிகாரிகள் பார்க்காமலா இருந்தார்கள்? அவர்களைப் பற்றி யாரும் மேலிடத்தில் சண்டை போடவில்லை.

இந்த 168 பேர் இங்கே இருந்தபோதே, செப்டம்பர் கடைசியில், சிறுவர்களும் இளைஞர்களுமாக 200 பேரைப் பட்டியலிட்டு இங்கிருந்து ஆஷ்விட்ஸ் கொலைமுகாமுக்கு அனுப்பினார்கள். பெரும்பாலும் ஜிப்ஸிகள் என்று அழைக்கப்பட்ட ரோமா, சின்டி இனப் பிள்ளைகள். அவர்களுக்கு ரேங்க் இல்லை. வேலிக்கு வெளியே அவர்கள் தொழிலைச் சேர்ந்த பெரிய மனிதர் யாரும் இல்லை.

மாமா ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவன் தன் சாதிக்காரனைத்தான் காப்பாத்திருக்கான், இல்ல?" என்றார். ஜெர்மானியர்கள் இந்தக் கதைக்கு எழுதிய எந்த விளக்கத்தையும்விட அது எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

திரும்பிப் போனவர்களுக்கு வேறு விதமான தொல்லை. சாகனில் இருந்த மற்ற போர்க்கைதிகளே அவர்கள் சொன்னதை முதலில் நம்பத் தயங்கினார்கள். ஊருக்குப் போனபின் வீட்டிலும் அலுவலகங்களிலும் அதே கதை. போர்க்கைதி என்றால் போர்க்கைதி முகாமில்தானே இருந்திருப்பான்? லமசன் டேனவர்க் பக்கம் விவசாயம் பார்த்துக்கொண்டு 93 வயது வரை வாழ்ந்து 2012-ல் இறந்தார். முகாமைப் பற்றிப் பல பத்தாண்டுகள் வாய் திறக்கவில்லை. முகாமில் இருந்தபோதே இவர்கள் தங்களுக்குள் ஒரு சங்கம் வைத்துக்கொண்டார்கள். வதைமுகாமின் ஜெர்மன் முதலெழுத்துகளே அதற்குப் பெயர். கே.எல்.பி. கிளப். அதன் சின்னத்தில் ஒரு வெறுங்கால் இருக்கும், சங்கிலி பிணைத்த வெறுங்கால். கணுக்காலில் சிறகு முளைத்திருக்கும்.

பிரிட்டனில் இதன் இன்னொரு வடிவம் நடந்தது. 1944 மார்ச்சில் சாகன் முகாமிலிருந்து சுரங்கம் தோண்டி 76 பேர் தப்பியது ஊரறிந்த கதை. மூன்று பேர் மட்டும் நாடு சேர்ந்தார்கள், பிடிபட்டவர்களில் 50 பேரை கெஸ்டபோ சுட்டுக் கொன்றது. மிச்சமிருந்தவர்களில் நான்கு பேர் சாக்சன்ஹவுசன் வதைமுகாமின் தனிப் பகுதிக்குப் போனார்கள்: விங்ஸ் டே, ஜானி டாட்ஜ், சிட்னி டவுஸ், ஜிம்மி ஜேம்ஸ். அங்கும் ஒரு சுரங்கம் தோண்டி செப்டம்பரில் வெளியேறி மறுபடி மாட்டினார்கள். மனிதர்கள் எதனால் செய்யப்பட்டவர்கள் என்று சில சமயம் ஆச்சரியமாக இருக்கிறது. நாஜிக் கொடுமைக்கு ஆளான பிரிட்டிஷ்காரர்களுக்காக 1964-ல் மேற்கு ஜெர்மனி பத்து லட்சம் பவுண்டு கொடுத்தது. சாக்சன்ஹவுசனில் இருந்தவர்கள் விண்ணப்பித்தபோது பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகம் கைவிரித்தது. நீங்கள் இருந்த பகுதி முகாமின் மதிலுக்குள் சேர்ந்ததல்ல, ஆகவே நீங்கள் வதைமுகாமில் இருந்ததாகக் கொள்ள முடியாது. போலி அட்டையைப் பார்த்து ஒற்றன் என்ற கெஸ்டபோவும், வரைபடத்தைப் பார்த்து உனக்கு ஒன்றும் நடக்கவில்லை என்ற குமாஸ்தாவும் ஒன்றல்ல. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது இரண்டாவது ஆள்மேல்தான். நாடாளுமன்ற உறுப்பினர் ஏரி நீவ் விடாமல் துரத்தினார். அப்போதுதான் புதிதாக உருவாக்கியிருந்த குறைதீர்ப்பாளர் பதவிக்கு அது முதல் பெரிய வழக்கு. 1967 டிசம்பரில் அலுவலகம் செய்தது தவறு என்று அறிக்கை வந்தது, பணமும் வந்தது.

அதைவிட மோசமாக நடந்தது சோவியத் விமானிகளுக்கு. சோவியத் நாடு ஜெனீவா ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை என்பதைச் சாக்காக வைத்து ஜெர்மானியர்கள் அந்நாட்டுப் போர்க்கைதிகளுக்கு எந்த விதியையும் பார்க்கவில்லை. முப்பது லட்சத்துக்கும் மேல் செத்தார்கள். மிகயில் தெவ்யதாயெவ் என்ற போர்விமானி 1944 ஜூலையில் விழுந்து, சாக்சன்ஹவுசனில் இறந்துபோன ஒரு கைதியின் எண்ணை மாற்றிக்கொண்டு பிழைத்து, பால்டிக் கடலில் உசெடோம் தீவின் விமானத்தளத்துக்கு அடிமை வேலைக்குப் போனார். வேலை செய்துகொண்டே ஜெர்மன் விமானத்தின் விசைகளை நோட்டம் விட்டார். 1945 பிப்ரவரி 8 அன்று காவலாளியை அடித்துப் போட்டுவிட்டு இன்னும் ஒன்பது பேரோடு ஹைங்கல் 111 விமானத்தைத் திருடிக்கொண்டு பறந்துவிட்டார்.

மாமாவுக்கு அந்த நாளில் முதல்முறையாக முகம் மலர்ந்தது. "ஓட்டிப் பழகாத ட்வின் இன்ஜினா?" ஆமாம் மாமா. "ஸ்டார்ட் பண்ணத் தெரிஞ்சுதா?" தெரிந்தது. "பேட்டரி?" பேட்டரி கழற்றியிருந்தார்கள், தேடிக் கொண்டுவந்து மாட்டினார்கள். மாமா கையைத் தட்டிச் சிரித்தார். பக்கத்தில் நின்ற ஆசிரியை திரும்பிப் பார்த்தார். மீதியை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் சொன்னேன். சோவியத் எல்லைக்குள் இறங்கியவர்களை அவர்கள் நாட்டு உளவுத்துறையே சந்தேகப்பட்டது. கைதியாக இருந்தவன், எதிரி விமானத்தில் வருகிறான் என்று. உடம்பு தேறியவுடன் பெரும்பாலானவர்களைத் திரும்பப் போருக்கு அனுப்பினார்கள். பலர் சில வாரங்களில் செத்தார்கள். தெவ்யதாயெவை அடைத்து வைத்து விசாரித்தார்கள். வெளியே வந்தபின் வால்கா நதியில் படகு ஓட்டினார். 1957-ல்தான் நாட்டின் உயரிய விருது.

மதியம் மலையிலிருந்து இறங்கி நோராவுக்குப் போனோம். சொன்னதுபோல ஒன்றும் இல்லை. கிட்டங்கிகள், லாரிகள், புல்வெளி. ஹிட்லர் பதவிக்கு வந்த ஐந்தாவது வாரத்தில், 1933 மார்ச் 3 அன்று, நாஜிகள் திறந்த முதல் வதைமுகாமும் இதே விமானத்தளத்தை ஒட்டிய பள்ளிக் கட்டடத்தில்தான் இருந்தது என்று ரயிலில் தேடிப் படித்திருந்தேன். சில மாதங்களில் மூடிவிட்டார்கள். மாமாவிடம் சொன்னேன். கேட்டதாகத் தெரியவில்லை. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது, ஓடுபாதை எப்படிக் கிடந்திருக்கும் என்று கையை நீட்டி அளந்துகொண்டிருந்தார்.

பிறகு மலைப் பக்கம் திரும்பி நின்றார். "அந்தச் சீட்டை எடுத்துட்டு வந்தானே ரஷ்யாக்காரன். அவனை மாத்தலையே?"

இல்லை மாமா.

"சாயங்காலம் வேலை முடிஞ்சா திரும்ப மேலதான போகணும் அவன்."

ஆமாம் என்றேன். இருட்டிக்கொண்டு வந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு கையுறையைப் போட்டார். அடுத்த பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது.